சர் சி. பி.யும் பள்ளிவாசல் மின்சாரமும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் பணித்தபோது, புலவர் ஒருவரையோ தியாகி ஒருவரையோ எடுத்துக்கொள்வேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட பெயரைக் கேட்டதும் அவர் சற்றுத் தயங்கினார். அத்தயக்கம் நியாயமானதே. மலையாள நாட்டில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் திவான் சர் சி. பி. ராமஸ்வாமி ஐயரைப்பற்றி ஒரு விதமாகப் பேசுவார்கள். அலுவலகத்தில் நம்மோடு பணிபுரியும் மலையாள நண்பர்கள் வேறு விதமாகப் பேசுவார்கள். இளமையில் நான் வீட்டில் ஒரு சி. பி.யைக் கேட்டேன், வேலைக்கு வந்த பிறகு மற்றொரு சி. பி.யைக் கேட்டேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படியாத ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இவ்விரண்டு பேரும் ஒருவரே என்று விளங்குவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. விளங்கிய மட்டில் இங்கே எழுதுகிறேன்.

அடிமாலியிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் பள்ளிவாசலை நெருங்கும்போது, மலைச்சரிவில் பெருங்குழாய்கள் மேலிருந்து கீழாக இறங்குவதைக் காணலாம். முதிரப்புழை ஆற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியே வந்து, சுமார் 2,000 அடி உயரத்திலிருந்து அக்குழாய்களில் பாய்ந்து, கீழேயுள்ள நிலையத்தில் சக்கரங்களைச் சுழற்றுகிறது. இன்றைய கேரள மாநிலத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் இதுவே. 1940ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இது இயங்கத் தொடங்கியபோது, என் பாட்டியார் அவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் கொழுந்துக் கூடை சுமக்கும் சிறுமி. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து கொட்டகுடி வழியாகக் கங்காணியின் பின்னால் மலையேறி வந்த குடும்பம் அது. மின்கம்பிகள் காட்டைப் பிளந்துகொண்டு மேற்கே போனதையும், அவற்றைப் பார்ப்பதற்காகப் பிள்ளைகள் பெரட்டுக் களத்திலிருந்து ஓடியதையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கம்பி எங்கே போயிற்று, யாருக்காகப் போயிற்று என்பதைச் சொன்னால் சி. பி.யின் வரலாற்றில் பாதியைச் சொன்னதாகும்.

சேத்துப்பட்டு பட்டாபிராம ராமஸ்வாமி ஐயர் 1879ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வடஆற்காட்டு வந்தவாசியில் பிறந்தார். தந்தையார் பட்டாபிராம ஐயர் வக்கீலாக இருந்து நீதிபதியானவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்த ராமஸ்வாமி, 1903இல் வக்கீல் தொழிலை மேற்கொண்டு, சில ஆண்டுகளிலேயே சென்னை உயர்நீதிமன்றத்தில் முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஜே. கிருஷ்ணமூர்த்தியை அவருடைய தந்தையார் நாராயணய்யா திரும்பப் பெறுவதற்காக அன்னி பெசன்ட் அம்மையார் மீது தொடுத்த வழக்கில், தந்தையார் சார்பில் அம்மையாரை எதிர்த்து நின்றவர் சி. பி.தான். பிறகு அதே அம்மையாரின் சுயாட்சி இயக்கத்தில் அவருக்கு வலக்கரமாக விளங்கினார். 1917, 18ஆம் ஆண்டுகளில் காங்கிரஸ் மகாசபையின் காரியதரிசிகளுள் ஒருவராகவும் பணியாற்றினார். காந்தியடிகளின் ஒத்துழையாமை வந்ததும் அவர் பாதை விலகிற்று. 1920இல் சென்னை அரசாங்கத்தின் அட்வகேட் ஜெனரல். 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர்.

சட்ட உறுப்பினர் என்ற பெயரைக் கண்டு, அவர் சட்டப் புத்தகங்களோடு மட்டும் உறவாடினார் என்று கருதவேண்டாம். நீர்ப்பாசனம், மின்சாரம், துறைமுகம் ஆகிய பொறுப்புகளும் அவரிடம் இருந்தன. மேட்டூர் அணையின் வேலை 1925இல் தொடங்கியதும், நீலகிரியில் பைகாரா மின்சாரத் திட்டம் உருவெடுத்ததும் அக்காலத்தில்தான். பைகாராவில் மின்சாரம் பிறந்தது 1932இல். அப்போது அவர் அப்பதவியில் இல்லை. எனினும், மலையருவியை ஆலைச் சக்கரத்தோடு இணைப்பது எப்படி என்ற பாடத்தை அவர் கற்றது அங்கேதான்.

இந்தப் பாடம் என்னவென்பதை ரயில்வேக்காரன் என்ற முறையில் சிறிது விளக்க விரும்புகிறேன். பஞ்சாலைகள் நீராவியால் ஓடிய காலத்தில், கோயமுத்தூர் ஆலைக்கு வேண்டிய நிலக்கரி வங்காள, பீஹார்ச் சுரங்கங்களிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் வரவேண்டியிருந்தது. கரிச்செலவைவிட ஏற்றுக்கூலி மிகுதி. மேலும், நீராவி ஆலை ஒன்றில் ஒரே பெரிய எஞ்சின் இருக்கும். அதிலிருந்து கூரையோரமாக நீண்ட இரும்புத் தண்டு ஓடும். அத்தண்டிலிருந்து தோல் வார்கள் இறங்கி ஒவ்வொரு யந்திரத்தையும் சுழற்றும். எஞ்சின் நின்றால் ஆலை முழுதும் நிற்கும். ஆகையால், பெரும் முதல் உள்ளவரே ஆலை வைக்க முடியும். மின்சாரம் வந்ததும் இந்தக் கட்டு அவிழ்ந்தது. யந்திரத்துக்கு ஒரு மோட்டார்; கம்பி போகும் இடமெல்லாம் தொழில். 1930களில் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் அடுத்தடுத்து எழுந்ததும், கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் பம்பு உட்கார்ந்ததும் பைகாராவின் விளைவு. உழவர் வீட்டுப் பிள்ளை விடியற்காலையில் சூரியனைப் பார்க்காமல் ஆலைச் சங்கைக் கேட்டு எழத் தொடங்கிய காலம் அது.

1931இல் திருவிதாங்கூர் இளம் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாளுக்குச் சட்ட ஆலோசகராக சி. பி. அமைந்தார், 1936 அக்டோபரில் திவானானார். அடுத்த மாதம் 12ஆம் நாள், மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. இந்நாட்டுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. சாதியின் பெயரால் தெருவில் விலகி நடக்கவேண்டியிருந்த நாட்டில் அது எத்தகைய செயல் என்பதை இன்று நம் பிள்ளைகளுக்கு விளக்குவதே கடினம். பிரகடனம் மகாராஜாவுடையது, அதை நிறைவேற்றிய துணிவில் திவானுக்குப் பெரும் பங்கு உண்டு.

பள்ளிவாசலைப் பொறுத்தவரை ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அது முழுவதும் சி. பி.யின் படைப்பு என்று நம்மவர் சொல்வது மிகை. அங்கே வேலை தொடங்கியது 1935இல். அப்போது திவானாக இருந்தவர் சர் முகம்மது ஹபீபுல்லா. சி. பி. ஆலோசகராக அதற்குத் துணை நின்றார். திவானான பின் முடித்து வைத்தார். மலைக்குக் கனமான யந்திரங்களைக் கொண்டுபோவதே பெரும்பாடு. 1924ஆம் ஆண்டு வெள்ளம், மலையாளத்தார் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்வது, பழைய ஆலுவா–மூணாறு சாலையைத் துடைத்துவிட்டிருந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் சென்ற இரண்டடி அகல ரயில் பாதையும் அவ்வெள்ளத்தில் அழிந்தது. அது 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908இல் சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும்; அங்கிருந்து போடி. அந்த ரயில் அழியாதிருந்தால் மூணாற்றில் எனக்கு ஒரு மாற்றலாவது கிடைத்திருக்குமே என்று நான் வேடிக்கையாக எண்ணுவதுண்டு. புதிய சாலை அமைந்து, பெரியாற்றின்மேல் நேரியமங்கலம் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. பள்ளிவாசல் வேலையும் அவ்வாண்டிலேயே சூடுபிடித்தது. நிலையம் அமைந்த ஊர்ப்பகுதிக்கு மகாராஜாவின் பெயரால் சித்திரபுரம் என்று பெயர் வழங்கலாயிற்று. பின்னர் 1946இல் குண்டளையில் கட்டப்பட்ட அணைக்கு அவர் அன்னையாரின் பெயரைச் சூட்டிச் சேதுபார்வதிபுரம் என்றார்கள்.

முதற்கட்டத்தில் பள்ளிவாசலின் ஆற்றல் 15,000 கிலோவாட்டு அளவில்தான் இருந்தது. இக்கால அளவுக்கு அது சிறியது. அக்காலத் திருவிதாங்கூருக்கோ, அவ்வளவு மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே, மின்சாரத்தை உண்ணும் தொழில்களைத் தேடிக் கொண்டுவரவேண்டும் என்று திவான் முனைந்தார். ஆலுவாவுக்கு அருகே பெரியாற்றின் கரையை அவர் தேர்ந்தது எவ்வளவு பொருத்தம் என்பது சரக்குப் புத்தகம் எழுதுபவனுக்குத்தான் நன்கு புரியும். ஆற்று நீர் உண்டு. ஷொறனூர்–கொச்சி ரயில் பாதை 1902 முதல் அவ்வழியே ஓடுகிறது. 1934இல் அகலப் பாதையாயிற்று. கொச்சித் துறைமுகம் கைக்கெட்டும் தூரம். மலையிலிருந்து மின்சாரம் வந்து சேர்கிறது. இந்த நான்கும் ஓரிடத்தில் கூடுவது அரிது.

1943இல் இந்திய நாட்டின் முதல் அலுமினியம் அங்கே உருகி வந்தது. அந்நாளைய முறைப்படி ஒரு டன் அலுமினியம் எடுக்க 15,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். பள்ளிவாசலின் ஆற்று நீர்தான் அங்கே உலோகமாக உறைந்தது என்று சொன்னாலும் பொருந்தும். அதே ஆண்டில் ரசாயன உரத் தொழிற்சாலைக்கான கம்பெனி பதிவாயிற்று. அதை நடத்தத் திருச்சியிலிருந்து வந்தவர்கள் சேஷசாயி சகோதரர்கள். தமிழ்நாட்டு ஊர்களுக்கு மின்விளக்குக் கொண்டுவந்தவர்கள். 1947இல் அங்கே அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 50,000 டன் என்பது திட்டம். நிலக்கரி கிடைக்காத இடமாகையால் விறகிலிருந்து வாயு எடுத்தார்கள். எத்தனை காடு அந்த அடுப்பில் போயிற்று என்று நினைத்தால் மலையில் பிறந்த எனக்கு மனம் கசக்கிறது. பெரும்பாவூரில் ரேயான் தொழிற்சாலை நிறுவியவர் எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார். புனலூரில் ஒட்டுப்பலகை, கோட்டயத்தருகே சிமெண்டு, திருவனந்தபுரத்தில் டைட்டானியம் என்று பட்டியல் நீளும். 1937இல் பல்கலைக்கழகம், 1939இல் எஞ்சினீயரிங் கல்லூரி. பஸ் போக்குவரத்தை 1938இல் அரசாங்கமே ஏற்று நடத்தியதும் இவர் காலத்துச் செயல்.

தொழிற்சாலைகள் எழுந்த ஆலுவாப் பக்கத்துக்கு உத்யோகமண்டல் என்று பெயரிட்டார்கள். நமக்கு உத்தியோகம் என்றால் பேனா பிடிக்கும் வேலை. வடமொழி வழக்கில் அது கைத்தொழிலைக் குறிக்கும். பத்தாம் வகுப்பில் தேறிய தமிழ்ப் பிள்ளைகள் பலர் முதற்பொருளை நம்பி அங்கே வந்து, இரண்டாம் பொருளில் வேலை கற்றுக்கொண்டார்கள். அலுமினிய உலையை இரவில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. அணைந்தால் உலோகம் உறைந்துபோகும். எனவே, எட்டு மணிக்கு ஒரு முறை ஆள் மாறும் வேலை முறை. பகலில் உறங்கும் தகப்பனும், சத்தம் போடாதே என்று பிள்ளைகளை அடக்கும் தாயும் கொண்ட குடும்பங்கள் உருவாயின. ஷிப்டு வேலைக்காரர் நிறைந்த நம் ரயில்வே காலனிக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இதுவரை சொன்னது வீட்டில் நான் கேட்ட சி. பி. இனி மற்றொன்று.

திருவிதாங்கூரில் மின்சாரம் வருமுன்பே பெருந்தொழில் இல்லாமலில்லை. ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா என்பவர் 1859இல் முதல் கயிற்றுத் தொழிற்சாலையை வைத்தார். தேங்காய் மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, பெண்கள் அதைத் தட்டி நாராக்கி, ராட்டில் கயிறாகத் திரிப்பார்கள். அக்கயிற்றை ஆண்கள் பெரிய கொட்டகைகளில் கைத்தறியில் பாயாக நெய்வார்கள். ஐரோப்பா, அமெரிக்க நாடுகளின் வாசற்படிகளுக்கு அப்பாய்கள் கப்பல் கப்பலாகச் சென்றன. கொல்லத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களும் இவ்வாறே. உலகச் சந்தைக்கு மலைபோல் பொருள் செய்தார்கள், யந்திரம் இல்லை, ஆயிரமாயிரம் கைகளே யந்திரம். தேயிலைத் தோட்டமும் பாதி அப்படித்தான். ஆலைக்குள் வாட்டவும் உருட்டவும் உலர்த்தவும் யந்திரம் வந்துவிட்டது. கொழுந்து எடுப்பது மட்டும் பெண்களின் விரல்களில் நின்றுவிட்டது.

ஒரே கொட்டகையில் பல சாதியாரும் பல மதத்தாரும் அடுத்தடுத்த தறியில் உட்கார்ந்த ஆலப்புழையில், 1922இலேயே பி. கே. பாவா தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். உலக வியாபார மந்தத்தில் பாயின் விலை விழுந்தபோது கூலியும் விழுந்தது. சங்கம் வலுத்தது. தொழிற்சங்கங்களை ஏற்கும் சட்டம் சி. பி.யின் ஆட்சியிலேயே வந்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனால், 1938இல் பொறுப்பாட்சி கோரி ஸ்டேட் காங்கிரஸ் கிளர்ந்தபோது, கயிற்றுத் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்து, கூலியோடு ஆட்சியுரிமையையும் சேர்த்துக் கேட்டார்கள். கூலி கேட்கும் தொழிலாளியைத் திவானால் பொறுக்க முடிந்தது. ஆட்சியுரிமை கேட்கும் தொழிலாளியைப் பொறுக்க முடியவில்லை. தடையுத்தரவு, சிறை, துப்பாக்கிப் பிரயோகம் என்று வழக்கமான வரிசை தொடர்ந்தது.

பிறகு யுத்தம் வந்தது. ஐரோப்பியச் சந்தை மூடிற்று. கயிற்றுக் கொட்டகைகள் வெறிச்சோடின. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பட்டினி பரவியது. சேர்த்தலைத் தாலுகாவின் துயரம் பெரிது. உரத் தொழிற்சாலைக்குத் திவான் அவ்வளவு அவசரப்பட்டதற்கு இந்தப் பட்டினியும் ஒரு காரணம். நாட்டிலேயே நெல் விளைவிக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால், ஆலுவாவில் எழுந்த ஆலைகள் மின்சாரத்தை அதிகமாகவும் ஆட்களைக் குறைவாகவும் கேட்பவை. படிப்பும் பயிற்சியும் உள்ள சில நூறு பேருக்கு ஓர் ஆலையில் வேலை கிடைக்கும். தறியை இழந்து நின்றவர்களோ ஆயிரக்கணக்கினர். அவர்கள் ஆலப்புழையிலும் சேர்த்தலையிலும் இருந்தார்கள். பள்ளிவாசலின் கம்பி அவர்கள் பசிக்கு எட்டவில்லை. சி. பி.யின் எதிரிகளும் புகழ்வோரும் இந்த ஒன்றைப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

1946இல் அமெரிக்க முறையைத் தழுவிய ஓர் அரசியல் அமைப்பை அவர் முன்வைத்தார். அதில் சபை உண்டு. ஆனால், நிர்வாகம் அச்சபைக்குக் கட்டுப்படாத திவானிடம் இருக்கும். கம்யூனிஸ்டுகளின் தலைமையில் தொழிலாளர் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபர் 24ஆம் நாள் புன்னப்பிரையில் போலீஸ் முகாம் தாக்கப்பட்டது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. மறுநாள் ராணுவச் சட்டம் பிறந்தது. படையின் தலைமையைத் திவானே ஏற்றார். 27ஆம் நாள் வயலாரில், கமுக மரத்தைச் சீவிச் செய்த ஈட்டிகளோடு நின்ற மக்கள்மீது துப்பாக்கிகள் முழங்கின. இறந்தோர் எத்தனை பேர் என்பதில் ஒருமித்த கணக்கு இன்றுவரை இல்லை. அவர்களிற் பலர் கயிறு திரித்தவர்கள், பாய் நெய்தவர்கள். என்னோடு பணிபுரிந்த மூத்த நண்பர் ஒருவரின் குடும்பத்தில் அந்நாளைப்பற்றிய பேச்சு எழுந்தால் வீடு அமைதியாகிவிடும். அவர் வீட்டில் உணவருந்திய ஒரு நாள், பள்ளிவாசலைச் சொல்லி நான் சி. பி.க்காக வாதாட வாயெடுத்தேன்; அவர் அன்னையாரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

1947 ஜூன் மாதத்தில், திருவிதாங்கூர் இந்திய ஒன்றியத்தில் சேராமல் தனி நாடாக நிற்கும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25ஆம் நாள் மாலை, திருவனந்தபுரத்து இசைக் கழக விழாவிலிருந்து வெளியேறும்போது கே. சி. எஸ். மணி என்ற இளைஞர் அவரை வெட்டினார். முகத்திலும் கழுத்திலும் காயம், உயிர் தப்பியது. சில நாட்களில் மகாராஜா ஒன்றியத்தில் சேர இசைந்தார். ஆகஸ்டு 19ஆம் நாள் சி. பி. பதவி விலகித் திருவிதாங்கூரை விட்டு நீங்கினார்.

அதன் பின் அவர் வாழ்ந்த 19 ஆண்டுகளில் ஆட்சிப் பொறுப்பு எதுவும் இல்லை. காசி இந்து சர்வகலாசாலைக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராயிருந்தார். இந்து அறநிலையங்களை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். நாடு நாடாகச் சென்று சொற்பொழிவாற்றினார். இதற்கிடையே முதிரப்புழையின் நீரை மேலும் மேலும் வேலை வாங்கினார்கள். பள்ளிவாசலில் ஓடி முடிந்த நீரைக் கொண்டே 1954இல் செங்குளம் நிலையம் எழுந்தது. மாட்டுப்பட்டியில் அணை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கென 1951இல் இந்திய அரசாங்கம் சட்டம் இயற்றியது. கங்காணிகளின் அதிகாரம் படிப்படியாகக் குறைந்தது. 1957இல், புன்னப்பிரை வயலார்த் தொழிலாளர்களின் கட்சியே கேரளத்தின் ஆட்சிக்கு வந்தது. அதைப்பற்றிச் சி. பி. மனத்தில் என்ன நினைத்தாரோ, யாம் அறியோம்.

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், லண்டனில் நேஷனல் லிபரல் கிளப்பில் நாற்காலியில் அமர்ந்து பத்திரிகை நிருபர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சி. பி. ராமஸ்வாமி ஐயர் காலமானார். வயது 86. பள்ளிவாசல் நிலையம் அப்போது 26 ஆண்டுகள் ஓடியிருந்தது. அதிலிருந்து இரண்டு மலை தள்ளி, என் பாட்டியாரின் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது.